எனக்குத் தெரிந்த பச்சை

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நீங்களும் தங்கச்சியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும், வேறு வழி? ஐந்து மாதமாக ஃபோன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. போன வாரம் குழந்தை எடுத்து, "அம்மா வீட்ல இல்லேன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என் மருமகளுக்கு இன்னும் பொய் சொல்ல வரவில்லை. அந்த விஷயத்தில் அவள் என்னைக் கொண்டு பிறக்கவில்லை.

வீட்டுக்கு எழுதினால் தங்கச்சி பிரிக்காமலே கிழித்துவிடுவாள். அதனால்தான் உங்கள் பேருந்துப் பணிமனை விலாசத்துக்கே எழுதுகிறேன்.

ஆலையில் எல்லாம் பழையபடிதான். தண்ணீர்க் குழாய்க்கும் கதவுக் கைப்பிடிக்கும் பளபளவென்று முலாம் பூசி அனுப்புகிறார்கள். முலாம் பகுதியிலிருந்து வரும் மஞ்சள் தண்ணீரை நான் சுத்தம் செய்து, உருப்படிகளைத் துலக்கும் பகுதிக்கே திருப்பி விடுகிறேன். ஒரு சொட்டு வெளியே போவதில்லை என்று வாசலில் ஒரு பெரிய பலகைகூட வைத்துவிட்டார்கள். மேலாளர் வருகிறவர் போகிறவரையெல்லாம் என் தொட்டிக்கு அழைத்து வந்து, "இவரு கண்ணு ஒண்ணு போதும், மெஷினே வேணாம்" என்கிறார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கை புண்ணாகிப்போன நான்கு பெண்களும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நெட்டையக்கா மட்டும் இன்னும் துணி சுற்றிக்கொண்டு வருகிறார். நேற்று அவிழ்த்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. "ஆறிப்போச்சேக்கா" என்றேன். அவர் மறுபடி சுற்றிக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். மேலாளர் கொஞ்சம் இளகியிருக்கிறார். "தெரியாம வால்வைத் தெறந்துட்டேன், மன்னிக்கணும்னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. திரும்ப வேலைக்கு எடுத்துக்கலாம்" என்றார். ஒரு வரிதான் மாப்பிள்ளை. நீங்கள் எழுதினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நடந்தது நடந்துபோச்சு. அதையே பிடித்துக்கொண்டு இருந்தால் குடும்பம் என்ன ஆவது?

தங்கச்சியை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 11

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கொடுத்து, "உனக்குக்கூட லெட்டர் போட ஆள் இருக்கா?" என்றார். இருக்கிறார், நல்ல சொந்தம் என்றேன்.

இங்கே பேருந்து கழுவுகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பேருந்து. கழுவிய தண்ணீர் எல்லாம் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. ஒரு வாளித் தண்ணீரைக்கூட வெளியே விடாத இடத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இதைப் பார்க்க, முதல் வாரம் வயிறு எரிந்தது. இப்போது பழகிவிட்டது. நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டீர்கள்.

மன்னிப்புக் கடிதம் நான் எழுத வேண்டுமா?

விசாரணை நடந்த அன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக் கதவு மெல்லிய பலகை. உங்களுக்கு இயல்பிலேயே வெண்கலத் தொண்டை. "பச்சை வந்ததை என் ரெண்டு கண்ணால பாத்தேன் சார். அதுக்கப்புறந்தான் தெறன்னு சொன்னேன். அவரு அதுக்கு முன்னாடியே தெறந்துட்டாரு" என்றீர்கள். ஒரு வார்த்தைகூடத் தவறாமல் எனக்கு மனப்பாடம். நீங்கள் 'திற' என்று சொன்ன பிறகே திறந்தேன் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே போனபோது மூத்தவரைப் பொய்யர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாயை மூடியவன் குற்றவாளி என்று எழுதிவிட்டார்கள்.

உங்கள் தங்கையைப் பேசச் சொல்லக் கேட்கிறீர்கள். அவள் பேச ஆரம்பித்தால் உங்களால் தாங்க முடியாது, அதனால் அப்படியே விடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்குத் தொட்டியில் என்ன நிறத்தைப் பார்த்தீர்கள்? எழுதி அனுப்புங்கள். ஃபோன் வேண்டாம், பேச்சில் நீங்கள் விலாங்கு மீன். ஒரு வரிதான் மச்சான். நீங்கள் எழுதினால் போதும்.

உங்கள் தங்கை வீட்டுக்காரன்


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி இதுதான்: நான் எந்த நிறத்தையும் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது.

எனக்கு மஞ்சளும் பச்சையும் ஒன்று. சிவப்பும் சேறும் ஒன்று. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய மனைவியிடம்கூட. வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனையில் புள்ளி புள்ளியாக எண் போட்ட ஒரு புத்தகம் காட்டினார்கள். எனக்கு முன்னால் நின்றவன் சத்தமாகப் படித்தான். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது என்று நான் பாடம் பண்ணிக்கொண்டு ஒப்பித்துவிட்டேன். டாக்டர் தட்டிக்கொடுத்தார்.

அப்படிப்பட்டவனுக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் மருந்து போட வேண்டும், அது பச்சையாக மாறினால் குரோம் விஷம் அடங்கிவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் வால்வைத் திறக்க வேண்டும். இருபது வருடம் இந்த வேலையில் நல்ல பெயர் எடுத்திருக்கிறேன். முதலில் ஒருவர் இருந்தார், அவரைச் சோதிக்கிற மாதிரி நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன், பிறகு நீங்கள் வந்தீர்கள். நான் மேலே நின்று மருந்து போடுவேன். நீங்கள் கீழே, வால்வுக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடிக் குழாயைப் பார்த்து, "வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பீர்கள். நான் ஏதோ அப்போதுதான் பார்த்தவன் மாதிரி, "ஆமா, வந்தாச்சு" என்று சொல்லி ரெஜிஸ்டரில் எழுதுவேன். உங்கள் கண்ணை வைத்து ஒன்பது வருடம் பிழைத்தேன். உங்களுக்கு அது தெரியவே தெரியாது என்பதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. தங்கச்சி வீட்டுக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் கேட்டாள், நான் செம்மண் நிறத்தில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நின்றேன். சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள், "மச்சான் கண்ணுக்கு இதுதான் பச்சை. தொட்டியில என்னத்தப் பாக்குறாரோ!" என்றீர்கள். வீடே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மூன்று நாள் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்களும் கீழேயிருந்து குரல் கொடுக்கவில்லை. அந்த மூன்று நாளும் மருந்தை இரண்டு மடங்கு கொட்டி, நேரத்தை எண்ணித் திறக்கச் சொன்னேன்.

நான்காம் நாள் மருந்து மூட்டையில் பாதிதான் இருந்தது. இருந்ததைக் கொட்டிவிட்டு, என்ன செய்வது என்று நிற்கும்போது கீழேயிருந்து உங்கள் குரல், "வந்தாச்சு!" என்று கேட்டது. மாப்பிள்ளை, எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தை விட்டுவிட்டார், எனக்காகப் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். பீங்கான் ஓட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற சொட்டுச் சோதனையும் பண்ணினேன். ரோஸ் நிறம் வந்தால் விஷம் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ஓட்டில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. 'திற' என்றேன். மூன்று நாள் அந்தத் தண்ணீர்தான் துலக்கும் பகுதியில் சுற்றியது.

விசாரணையில் நான் சொன்னது பச்சைப் பொய். எனக்குத் தெரிந்த ஒரே பச்சை அதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு நானும் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். வராத பச்சையை வந்தாச்சு என்று ஏன் சொன்னீர்கள்? என்னை மாட்டிவிட வேண்டுமென்றே சொன்னீர்கள் என்று அப்போது முடிவு கட்டினேன். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் அந்த அறையில் உங்கள் மேல் பழி போட என்னால் முடிந்தது. இன்னும் அது மனதின் ஓரத்தில் கிடக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

மச்சான்


மார்ச் 27

மச்சான்,

உங்கள் கடிதத்தைப் பேருந்துக்கு உள்ளே, கடைசி இருக்கையில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு ஒரு பேருந்து கழுவாமலே போயிற்று.

சுண்ணாம்பு லாரி. அன்றைக்கு வந்தது சுண்ணாம்பு லாரி. காலையிலிருந்து கிடங்குக்காரர், "லாரி வந்துச்சா, வந்துச்சா?" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்று கத்தினேன். உங்களுக்குச் சொல்லவில்லை. மாட்டிவிட நினைக்கவில்லை. உங்களை நினைக்கவே இல்லை, அவ்வளவு கோபத்தில் இருந்தேன்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எனக்குத் தெரியும் மச்சான், முதலிலிருந்தே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் தங்கை என்னிடம் கேட்ட ஒரே சத்தியம் இதுதான். "அண்ணனுக்கு நெறம் தெரியாது. எங்களுக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியக்கூடாது. ரொம்பக் கூசிப்போவான். நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்" என்றாள். கண்ணாடிக் குழாயைப் பார்த்துக் குரல் கொடுப்பது என் வேலையில் எங்கே எழுதியிருந்தது? நான்தான் ஆரம்பித்தேன். உற்சாகத்தில் கத்துகிறவன் மாதிரி ஒன்பது வருடம் நடித்தேன். உங்கள் நடிப்பை விட என் நடிப்பு தேவலை, ஒத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சிரிக்க முடியவில்லை. பெயின்ட் டப்பா விஷயத்தில் நான் தெரியாமல் கேலி செய்யவில்லை. தெரிந்தே செய்தேன். சபை சிரித்ததும் ஒரு சொல் கூடுதலாகப் போட்டேன். உங்கள் தங்கை அன்று என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. லாரியை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பும்போது நீங்கள் 'திற' என்றீர்கள். யார் பார்த்தார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. கண்ணாடிக் குழாய் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. தலையைத் திருப்பினால் போதும், மஞ்சள் தெரிந்திருக்கும். பேசாதவனுக்கு நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்ற வீம்பு. திருப்பவில்லை. திறந்துவிட்டேன். நான்கு பெண்களுடைய கை அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. இந்த ஐந்து மாதமும் நிரபராதி மாதிரி ஊரெல்லாம் முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். உங்கள் தங்கைக்கு இது தெரியாது.

இப்போது என் கேள்வி. நான் இங்கே இருக்கிறேன். உங்களுக்கு அங்கே யார் பார்த்துச் சொல்கிறார்கள்? குரோம் புண் ஆறத் தாமதமாகும் என்றாலும் ஐந்து மாதம் ஆறாமல் இருக்கிறது என்றால், அது பழைய தண்ணீரின் புண் இல்லை. நெட்டையக்கா கையில் என்ன இருக்கிறது என்று ஒரு கண்ணுள்ளவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடனே பதில் எழுதுங்கள்.


ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

யாரும் பார்க்கவில்லை. புதிதாக வந்தவர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வால்வை மட்டும் திருப்புகிறார். நான் மருந்தைக் கொட்டி, கடிகாரத்தைப் பார்த்து, குத்துமதிப்பாகத் திறக்கச் சொன்னேன். ஆய்வகத்தின் வாரச் சோதனைக்கு, மருந்தை அள்ளிப் போட்ட நாளின் தண்ணீரை மட்டும் பிடித்து அனுப்பினேன். நிறம் பார்க்காமல் எண்ணில் காட்டுகிற மீட்டர் ஒன்று வாங்கலாம் என்று மேலாளர் மூன்று வருடத்துக்கு முன்பே சொன்னார். "என் கண்ணு இருக்கே சார்" என்று நான்தான் தடுத்தேன். மீட்டர் வந்தால் என் மதிப்புப் போய்விடும் என்ற பயம். இதை எழுதும்போது பேனாவைப் பிடிக்க என் கைக்கே பிடிக்கவில்லை.

உங்களுக்கும் தங்கச்சிக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று படித்தபோது தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்! நீங்கள் இரண்டு பேரும் என்னைக் குழந்தை மாதிரி கைப்பிடித்து நடத்தியிருக்கிறீர்கள், நான் அந்தக் கையையே கடித்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும்போதே துலக்கும் பகுதிக்குப் போனேன். நெட்டையக்கா துலக்கும் தொட்டிக்குள் கையை விடப் போகிறார். தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்றேன். துணியை அவிழ்க்கச் சொன்னேன். என் கண்ணுக்கு அன்றும் அது வெறும் கைதான். கொஞ்சம் அழுக்குப் பட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இது என்ன நெறத்துல இருக்கு?" என்றேன்.

"கேலி பண்றீங்களா?"

"இல்லக்கா. எனக்குத் தெரியல. சொல்லுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "செவசெவன்னு இருக்கு. நடுவுல குழி. குழியச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கு. ராத்திரியில தூக்கமே கெடையாது. நீங்க ஆறிப்போச்சுன்னு சொன்ன அன்னைக்கு, நாந்தான் பெருசு பண்றேன்போலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் முன்னால் வாய் திறந்து சொன்னேன். எனக்கு நிறம் தெரியாது என்று. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். அக்கா அவிழ்த்த துணியை மடித்தார். அப்புறம், "அப்ப எங்க தண்ணிய இத்தன நாளா யாரு பாத்தது?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அங்கிருந்து நேராக மேலாளர் அறைக்குப் போய் எழுதிக்கொடுத்தேன். கண் பரிசோதனையில் ஏமாற்றியது, விசாரணையில் பொய் சொன்னது, வாரச் சோதனைத் தண்ணீர் எல்லாவற்றையும் எழுதினேன். உங்களைப் பற்றி, "நான் சொன்ன பிறகே திறந்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை" என்று எழுதினேன். நீங்கள் கண்ணாடியைப் பார்க்காமல் திறந்தது எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கட்டும். பார்த்துச் சொல்வது உங்கள் வேலையே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

அன்றே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். மீட்டர் மாட்டிவிட்டார்கள். நான்கு பெண்களையும் தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். புண் ஆறவில்லை என்று யாராவது அப்போதே சரியாகச் சொல்லியிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது என்றாராம் டாக்டர். என்னைத் தொட்டிப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி, அட்டைப்பெட்டி மடிக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். மேல் விசாரணை முடியும்வரை அங்கேதான். எல்லாப் பெட்டியும் ஒரே நிறம்.

உங்களுக்கு ஆலையிலிருந்து கடிதம் வரும். திரும்பி வாருங்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கவும் மாட்டேன்.

மச்சான்


ஏப்ரல் 20

மச்சானுக்கு,

ஆலைக் கடிதம் வந்தது. மேலே முத்திரை, கீழே கையெழுத்து, நடுவில், 'எக்குற்றமும் இல்லாதவர் என்று தெரியவருகிறது' என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். இந்த முறை நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்கே வந்துவிட்டது. உங்கள் தங்கைதான் பிரித்துப் படித்தாள். நான் வேலை முடிந்து ஈரக் காலோடு உள்ளே நுழையும்போது அவள் அதைக் குழந்தைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்லேன்னு போட்டிருக்கு, பாத்தியா?" என்றாள். குழந்தை என் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஆறு மாதம் என்னைத் திருடனைப் போலப் பார்த்தவர்களை எல்லாம் தாங்கிக்கொண்டேன். அதைத் தாங்க முடியவில்லை.

நீங்கள் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து இன்னொரு பொய்யை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். போன தடவை என் மேல் சேறு பூசினீர்கள், இந்தத் தடவை சந்தனம். இரண்டுமே என் நிறம் இல்லை. உங்களுக்கு அளவாக ஒன்றைச் செய்யவே வராதா? கண்ணாடியைப் பார்ப்பது என் வேலையில் எழுதியிருக்கவில்லை, சரி. நான் பார்த்தால்தான் தண்ணீர் நல்ல தண்ணீர் என்பது உலகத்தில் எனக்கும் உங்கள் தங்கைக்கும் மட்டும்தானே தெரியும்? தெரிந்தவன் நான், பார்க்காதவனும் நான். அதை மேலாளருக்கு நானே எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். அவர்கள் கூப்பிட்டாலும் கூப்பிடலாம், விட்டாலும் விடலாம். இங்கே பேருந்துகள் எங்கும் ஓடிப்போகவில்லை.

உங்கள் தங்கையிடமும் சொன்னேன். வீம்பில் தலையைத் திருப்பாமல் திறந்தேன் என்று சொன்னேன். அவள் அந்த அச்சடித்த தாளை நான்காக மடித்தாள். அடுப்படிக்குப் போனாள். வெறும் பாத்திரத்தைக் கழுவினாள், அதையே மறுபடியும் கழுவினாள். திரும்பி வந்து, "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கீங்களே. அந்தக்கா உங்கள்ல யாரு லெட்டரையாவது கேட்டாங்களா?" என்றாள்.

நீங்கள் ஒரு தடவையாவது அவர் முன்னால் போய் நின்றுவிட்டீர்கள். நான் இன்னும் நிற்கவில்லை. அவர் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன சொல்வேன்? உங்கள் கை எனக்கு ஞாபகம் வரவில்லை, அதுதான் நடந்தது என்றா? வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

ஞாயிறு காலைப் பேருந்தில் வருகிறேன். உங்கள் தங்கையும் குழந்தையும் வருகிறார்கள், உங்களிடம் பேசுவாளா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் பேருந்து நிலையத்துக்கு வர வேண்டாம். நேராக நெட்டையக்கா வீட்டு வாசலுக்கு வந்து நில்லுங்கள். நான் வரும்வரை காத்திருங்கள். எனக்கு முன்னால் கதவைத் தட்டி நல்ல பெயர் வாங்கிவிடாதீர்கள், மச்சான்.